கருவியின் சாட்சி, கையின் சாட்சி

(மன்னார்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைய உரையின் பொருள் வண்ணம் தீட்டிய பழைய புகைப்படங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட படத்தின்மேல் தூரிகையால் நிறம் ஏற்றும் தொழில் புகைப்படம் பிறந்த ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கியது. வண்ண ஃபிலிம் சிற்றூர் ஸ்டூடியோ வரை வந்து சேரும் வரை, நூறாண்டுக்கும் மேலாக அது நடந்தது. ஆனாலும் இந்தப் படங்களுக்கு அறிஞர் அவையில் நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. புகைப்படக் கலையைப் போற்றியவர்கள் இவற்றைக் கலப்படம் என்றார்கள். ஓவியத்தைப் போற்றியவர்கள் நிழற்படத்தின்மேல் பூசிய பூச்சு என்றார்கள். வரலாற்றாசிரியர்களோ நிறத்தைப் புறந்தள்ளி, அடியில் இருக்கும் படத்தை மட்டும் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். இந்த மூன்று நிலைகளையும் மறுத்து ஒரு கருத்தை முன்வைக்கிறேன். வண்ணம் தீட்டிய படம் ஒரே தாளில் இரண்டு சாட்சிகளைச் சுமக்கிறது. ஒன்று கருவி சொன்ன சாட்சி. மற்றது கை சொன்ன சாட்சி. இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். தஞ்சாவூர் வட்டாரத்தின் புகைப்பட வரலாறு இதற்குத் தெளிவான ஆதாரங்களைத் தருகிறது.

முதலில் கறுப்பு வெள்ளைப் படத்தின் நேர்மையைச் சோதித்துப் பார்ப்போம். வண்ணப் பூச்சைப் பழிப்பவர்கள் எல்லோரும், பூசுவதற்கு முன் இருந்த படம் உள்ளதை உள்ளபடி காட்டியது என்று எண்ணிக்கொண்டே பேசுகிறார்கள். அக்கால வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புழங்கிய காகித நெகட்டிவும் கண்ணாடித் தகடும் நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் மட்டுமே நன்றாக உணர்ந்தன. பச்சை அவற்றில் மங்கியது, மஞ்சள் இருண்டது, சிவப்பு ஏறத்தாழக் கறுப்பாகவே விழுந்தது. ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல், சாயம் கலந்தால் தகடு வேறு நிறங்களையும் உணரும் என்று 1873இல்தான் கண்டுபிடித்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடு 1906இல்தான் கடைக்கு வந்தது. சிவப்பை உணராத தகடுகளும் ஃபிலிம்களும் அதன் பிறகும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. இதன் விளைவு நம் ஊருக்கு என்ன என்று பாருங்கள். மஞ்சள் பூசிய முகமும் நெற்றிக் குங்குமமும் அரக்குப் பட்டும் ஒன்றுபோல் இருண்டு போகும். ஆழ்ந்த நீலச் சேலை வெளிறிப் போகும். 1860 வாக்கில் ஒருவர் இந்த ஊரின் ஹரித்ராநதிக் குளக்கரையில் கருவியை நிறுத்தியிருந்தால், 23 ஏக்கர் தண்ணீரும் அதற்கு மேலுள்ள வானமும் வேறுபாடில்லாத ஒரே வெளுப்பாகவும், கரைமரங்கள் விவரமற்ற கருந்திட்டுகளாகவும்தான் விழுந்திருக்கும். ஆகவே நிறமற்ற படம் நடுநிலையான சாட்சி அல்ல. சிலவற்றை மட்டும் கண்டு, சிலவற்றைக் காணாமலே சாட்சி சொன்னது அது.

இந்தக் குறையை அக்காலத்துப் படமெடுப்பவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கும் தஞ்சாவூரிலேயே சான்று உண்டு. லின்னேயஸ் ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்தவர். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 இறுதியில் தொடங்கிய பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்களைப் படம் பிடித்து, 1858இல் சென்னையில் தொகுதிகளாக வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஒட்டியது அவருடைய அரிய சாதனை. அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்து அச்சில் கொண்டுவரத் தொடங்கியது 1891இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது ட்ரைப்பின் பதிவு. இவ்வளவு கறாரான ஆவணக்காரரே தம் நெகட்டிவ்களின் பின்புறத்தில் தூரிகையால் நிறமி பூசினார். வெளிறிப்போன வானத்தில் மேகங்களை வரைந்தார். கருந்திட்டாகிவிட்ட மரங்களில் இலைகளைத் தெளிவாக்கினார். கலப்பற்ற ஆவணம் என்று நாம் கொண்டாடும் படங்களிலேயே வானத்தின் ஒரு பகுதி தூரிகையின் வேலை. எனவே, கை பட்ட படம், கை படாத படம் என்று கோடு கிழிப்பது வரலாற்றோடு ஒட்டவில்லை. கை எங்கே பட்டது, யாருக்காகப் பட்டது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

அந்தக் கேள்வியைத் தஞ்சாவூரை நோக்கிக் கேட்டால் ஒரு வினோதம் தென்படுகிறது. இங்கே 19ஆம் நூற்றாண்டில் எடுத்த கோயில், அரண்மனை, குளம் ஆகியவற்றின் படங்கள் பெரும்பாலும் நிறமின்றியே இருந்தன. நிறம் ஏறியது மனிதர் படங்களில். காரணத்தைப் படங்களை வாங்கியவர்களிடம் தேட வேண்டும். ட்ரைப் வந்தபோது தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி மறைந்து (1855) மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை; வாரிசு இல்லை என்று சொல்லி அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. புதிதாகக் கைக்கு வந்த நாட்டின் கட்டடங்களைப் பதிவு செய்வது அரசு வேலை. அதற்கு அளவும் அமைப்பும் போதும், நிறம் தேவையில்லை. அந்த வேலையைக்கூட ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன் ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். அடுத்து 1867-68இல் எட்மண்ட் டேவிட் லயன் தென்னகக் கோயில்களைப் படமெடுத்தார். அவற்றுக்கான விளக்கக் குறிப்புகளைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் செப்பனிட்டார். அவர் போன்ற அறிஞர்களுக்கு வேண்டியிருந்தது தூண்களின் வரிசை, கோபுரத்தின் உருவம், காலவரிசைக்கான தடயம். ஊர்க்காரர் எவரும் இந்தப் படங்களை விலை கொடுத்து வாங்கியதாகத் தெரியவில்லை. வாங்கும்படி யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. இடங்களின் படங்கள் நிறமின்றி நின்றதற்கு, அவை அரசுக்கும் ஆய்வுக்கும் உரிய கோப்புகளாக இருந்ததே காரணம்.

இதன் விளைவு படங்களோடு நிற்கவில்லை. நிறமற்ற படங்களைப் பார்த்துப் பார்த்து, பழமை என்றால் சாம்பல் நிறம் என்ற எண்ணம் படித்தவர் மனத்தில் ஊன்றிவிட்டது. வண்ணக் கோபுரத்தைக் கண்டால் முகம் சுளிப்பதும், வெறுங்கல்லைக் கண்டால் பழமை என்று மெச்சுவதும் இந்தப் பழக்கத்தின் பிள்ளைகள். ஆனால் இந்த மண்ணின் கட்டடங்கள் நிறமின்றி இருந்ததில்லை. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்வழியில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் வெளிப்படுத்தினார். அரண்மனையின் மராட்டா தர்பார் மண்டபத்துச் சுதைகள் இன்றும் நிறம் தாங்கி நிற்கின்றன. பழைய கல் என்றால் நிறமற்ற கல் என்ற நம்பிக்கையில், மணலைப் பீய்ச்சிக் கோயில் கல்லைச் சுத்தம் செய்த காலமும் ஒன்று இருந்தது. பூச்சோடு கல்லின் மேல்தோலும் எழுத்தின் கூர்மையும் போன பிறகே அதன் தீங்கு உறைத்தது. இத்தனைக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. நிறமின்மையை உண்மையென்று எடுத்துக்கொள்ளும் கண் ஆபத்தில்லாதது அல்ல என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இடங்களுக்கு நிறம் ஏற்றிய மரபை அறிய இத்தாலிக்குப் போக வேண்டும். அங்கே 16ஆம் நூற்றாண்டு முதல் கர்தினால்களும் பிரபுக்களும் எழுப்பிய மாளிகைகளும் தோட்டங்களும், திவோலியின் வில்லா தெஸ்தே, பாஞ்ஞாயாவின் வில்லா லாந்தே போன்றவை, பயணிகள் தேடிப்போகும் இடங்களாயின. பயணி வீட்டுக்கு எடுத்துச்செல்ல ஒரு நினைவுப்படம் கேட்டார், நிறத்தோடு கேட்டார். அதனால் இத்தாலியப் புகைப்படக் கடைகளில் ஆல்புமென் (முட்டை வெண்கரு பூசிய தாள்) அச்சின்மேல் நீர்வண்ணம் தீட்டி விற்கும் வழக்கம் வளர்ந்தது. பிறகு சூரிச் நகரின் ஃபோட்டோகுரோம் முறை, ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று பல கற்களில் அச்சிட்டு இதையே பெருந்தொழிலாக்கியது. 1904இல் எடித் வார்ட்டன் இத்தாலிய வில்லாக்களையும் தோட்டங்களையும் பற்றி எழுதிய நூலுக்குப் புகைப்படங்களோடு மாக்ஸ்ஃபீல்ட் பாரிஷின் வண்ண ஓவியங்களும் தேவைப்பட்டன. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஃபிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் 1925இல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து சென்று தோட்டங்களைப் படமெடுத்தார். அவற்றைக் கண்ணாடி ஸ்லைடுகளாக்கி, கையால் வண்ணம் தீட்டச் செய்து, ஊர் ஊராகத் திரையில் காட்டி உரையாற்றினார். அவர் தொகுத்த 1,100க்கு மேற்பட்ட வண்ண ஸ்லைடுகள் வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்க ஊர்களை அழகாக்கும் தோட்ட இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பது அந்த உரைகளின் நோக்கம். அங்கே நிறம் ஒரு பிரசாரக் கருவி.

இத்தாலிய எடுத்துக்காட்டில் நம் வாதத்துக்கு உதவும் ஒரு நுட்பம் இருக்கிறது. இத்தாலியத் தோட்டத்தின் அழகு பூக்களை நம்பியதல்ல. கல், நீர், என்றும் பசுமை மாறாத மரம் ஆகிய மூன்றையும் நம்பியது என்பது வார்ட்டனின் வாதம். அப்படியானால் வண்ணக்காரர் தூவிய ரோஜாச் சிவப்பெல்லாம் பொய் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் ஜார்ஜினா மேசன் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களையும் செடிப் பட்டியல்களையும் தேடி, அந்தத் தோட்டங்களில் ஒரு காலத்தில் மலர்ச்செடிகளும் நிறைய இருந்தன என்று எடுத்துக்காட்டினார்கள். நூற்றாண்டுகளின் கவனிப்பின்மையில் பூக்கள் மறைந்து, பசுமையும் கல்லும் எஞ்சியதைப் பார்த்தவர்களே அதை மூல அழகு என்று எண்ணினார்கள். தஞ்சையில் சாம்பல் நிறக் கல் எப்படிப் பழமையாயிற்றோ, அங்கே பூவற்ற பசுமை அப்படிப் பழமையாயிற்று. இதிலிருந்து, வண்ணக்காரர் தீட்டிய பூக்கள் சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் ஆவணம் பார்த்துத் தீட்டவில்லை. ஆனால் நிறமில்லாததே சரி என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறத்தையும் வெளியிலிருந்து வரும் சான்றோடு ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டும்.

நிறம் எங்கே ஏறும், எங்கே ஏறாது என்பதை விளக்க ஒரே மனிதரின் தொழில்வாழ்க்கை போதும். இத்தாலியரான ஃபெலீச்சே பெயாட்டோ 1858இல் லக்னோவில் சிப்பாய்ப் புரட்சியின் அழிவுகளைப் படமெடுத்தார். அவை நிறமின்றியே புழங்கின. 1863 வாக்கில் ஜப்பானின் யோகோஹாமாவுக்குச் சென்றார். அங்கே அவர் விற்ற படங்கள் மென்மையான நீர்வண்ணத்தில் மிளிர்ந்தன. அதே மனிதர், அதே கருவி. ஜப்பானில் கூடுதலாக இருந்தவை இரண்டு: மரக்கட்டை அச்சுப் படங்களுக்கு நிறம் கொடுத்துப் பழகிய கைகள், நிறத்துக்காகவே விலை கொடுக்கும் பயணிகள். இந்த இரண்டும் சேர்ந்தால் நிறம் ஏறும். தஞ்சாவூரில் பழகிய கைகள் ஏராளம். இடங்களின் படத்துக்கு விலை கொடுக்கும் உள்ளூர்க்காரர்தான் இல்லை. ஆனால் தம் குடும்பத்தார் படத்துக்கு விலை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் இங்கே தூரிகை கோபுரத்தை விட்டுவிட்டு முகத்தை நோக்கிப் போனது.

பழகிய கைகள் என்றேன். அந்தப் பழக்கம் என்ன என்று பார்க்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்பு மாவும் கோந்தும் கலந்த பூச்சால் நகையும் வளைவும் மேடிட்டு, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, பிறகு நிறம் கொடுத்து வருவது. இதை மட்டும் நினைத்து, தஞ்சை ஓவியருக்கு நிறம் என்றால் அலங்காரம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) கண் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். நோயாளிகளின் கண்களை ஓவியர்களைக் கொண்டு நிறத்தோடு வரையச் செய்து, சிகிச்சைக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் தாள்கள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. கண் எவ்வளவு சிவந்திருந்தது, பாவையில் படர்ந்தது என்ன நிறம் என்பது அங்கே நோய்க்கான தடயம். அதே கண்ணை 1860இன் கருவி படமெடுத்திருந்தால் சிவப்புக் கறுப்பாகி, தடயமே தொலைந்திருக்கும். புகைப்படம் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே தஞ்சாவூர்த் தூரிகை சாட்சி சொல்லும் வேலையில் அமர்ந்திருந்தது. அலங்கரிக்கத் தெரிந்த அதே கைமரபுக்கு, கண்டதைக் கண்டபடி நிறத்தில் குறிக்கவும் தெரிந்திருந்தது.

இந்தக் கண்பழக்கம் ஸ்டூடியோ படங்களிலும் தொடர்வதைப் படங்களின் அமைப்பே காட்டுகிறது. இன்ன ஓவியர் குடும்பம் இன்ன ஸ்டூடியோவுக்குப் போனது என்ற வம்சாவளிக் கதையை இங்கே நான் கட்டவில்லை. படத்தில் தெரிவதை வைத்தே பேசுகிறேன். உதயப்பூர், ஜெய்ப்பூர் போன்ற வடநாட்டு அரசவைகளில் புகைப்படத்தின்மேல் அடர்த்தியான நிறம் பூசி, அடியில் படம் இருப்பதே தெரியாமல் மூடிவிடுவது வழக்கம். தமிழ்நாட்டு ஸ்டூடியோ வேலையில் முகம் பெரும்பாலும் கருவிக்கே விடப்படுகிறது; கன்னத்தில் மெல்லிய சாயம், அவ்வளவுதான். அடர்த்தியான நிறம் விழுவது நெற்றிப் பொட்டிலும் மூக்குத்தியிலும் அட்டிகையிலும் சேலைச் சரிகையிலும். தங்கத்துக்குத் தனி இடம், முகத்துக்குத் தனி நிதானம் என்ற அந்தப் பகுப்பு பலகை ஓவியத்தின் பகுப்பே. வேலையிலும் படிகள் உண்டு. நெகட்டிவை முன்னே சாய்த்து வைத்து, கூர்சீவிய பென்சிலால் முகத்துத் தழும்பையும் கருந்திட்டையும் நிரப்புவது டச்சிங். என்லார்ஜ்மெண்ட் போட்ட பிறகு நீர்வண்ணமோ எண்ணெய் வண்ணமோ பஞ்சாலும் தூரிகையாலும் ஏற்றுவது கலர் போடுவது. முழு வண்ணத்துக்குப் பணம் இல்லாதவர் பொட்டுக்கும் நகைக்கும் கரைக்கும் மட்டும் நிறம் கேட்டு வாங்கினார். பண்ணை வீட்டுக் கூடத்தில் தொடங்கிய வழக்கம் இப்படித்தான் நடுத்தரக் குடும்பத்துச் சுவர் வரை வந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். ஸ்டூடியோக்காரர் இல்லாத நகையை வரைந்தாரே, கறுத்த முகத்தைச் சிவப்பாக்கினாரே, இறந்தவரைப் படமெடுத்து மூடிய கண்களைத் திறந்தபடி தீட்டினாரே, இதை எப்படிச் சாட்சி என்பது? மறுப்பில் உண்மை இருக்கிறது. வரைந்த அட்டிகையை வைத்து ஒரு வீட்டின் நகைக் கணக்கை எழுதினால் அந்த வரலாறு தவறாகவே போகும். ஆனால் சாட்சி என்பது ஒரே பொருளைப் பற்றியது அல்ல. அந்த அட்டிகை அந்தப் பெண் எதை அணிந்திருந்தாள் என்பதற்குச் சாட்சி ஆகாது. எதை அணிந்தவளாக அவளை நினைவில் வைக்க அந்தக் குடும்பம் விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கறுப்பு முகத்தை வெளுக்கச் சொன்ன ஆசை இன்னும் கசப்பான சாட்சி. எந்தச் சமூகவியல் அறிக்கையும் இவ்வளவு வெளிப்படையாக அதை ஒப்புக்கொண்டதில்லை. திறந்த கண் இறந்தவருக்குப் பூசை செய்யும் வீட்டின் தேவையிலிருந்து வந்தது. பார்க்காத கண்ணுக்கு மாலை போட யாருக்கும் மனம் வராது. மேலும், கருவி எங்கே நிற்கிறது, கை எங்கே தொடங்குகிறது என்பது உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டும் பிரித்தறியக் கூடியவையாக இருக்கும் வரை ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு அஞ்சலட்டைகளைச் சுட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிக்கின்பாதம்ஸ், வீலே அண்ட் க்ளெய்ன் போன்ற சென்னை நிறுவனங்கள் தென்னிந்தியக் காட்சிகளைப் பட அஞ்சலட்டைகளாக வெளியிட்டன. அப்போதுதான் நம் கோயில்களுக்கும் குளங்களுக்கும் பெருமளவில் நிறம் ஏறியது. ஆனால் அக்கால அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சானவை. நிறம் கொடுத்தவர் காவிரியையே கண்டிராதவர். கோபுரம் செங்கல் சிவப்பாகவும், வானம் ஐரோப்பிய மாலை போலவும் மாறியது இதனால்தான். இதையும் கையின் சாட்சி என்று ஏற்பதா என்று கேட்கலாம். ஏற்கலாம், ஆனால் குறைந்த மதிப்புக் கொடுத்து ஏற்க வேண்டும். வண்ணக் கைக்கும் பொருளுக்கும் எவ்வளவு தூரம் என்பதே என் அளவுகோல். ஆளை நேரில் பார்த்து, சேலை என்ன நிறம் என்று கேட்டுத் தீட்டிய உள்ளூர் டச்சிங்காரரின் நிறத்துக்கு மதிப்பு அதிகம். சூரிச்சிலோ பெர்லினிலோ குறிப்புத்தாள் பார்த்துத் தீட்டியவருக்கு அதைவிடக் குறைவு. குறிப்பும் இன்றி வழக்கப்படி பூசியவருக்கு இன்னும் குறைவு. நீதிமன்றத்தில் நேரில் கண்டவரையும் கேள்விப்பட்டவரையும் பிரித்துப் பார்ப்பதுபோல் இங்கேயும் பார்க்க வேண்டும். தவறான நிறமும் முழுவதும் பயனற்றதல்ல. தொலைதூரத்து வாங்குபவர் நம் நாட்டை எந்த நிறத்தில் எதிர்பார்த்தார் என்பதை அது சொல்லும்.

மூன்றாவது மறுப்பு இன்றைய கணினியிலிருந்து வரும். பழைய படத்தைக் கைப்பேசியில் ஏற்றினால் ஒரு நிமிடத்தில் வண்ணம் வந்துவிடுகிறது; கையின் வேலையைச் சாட்சி என்றால் இதையும் சாட்சி என்று ஏற்க வேண்டியதுதானே? கூடாது என்பதே என் பதில். அந்த மென்பொருள் இலட்சக்கணக்கான வேறு படங்களிலிருந்து ஒரு சராசரியைக் கற்றுக்கொண்டு, இந்தச் சாம்பல் நிறத்துக்கு எது பொதுவாகப் பொருந்தும் என்று ஊகிக்கிறது. மஞ்சளும் சிவப்பும் ஒரே இருளாக விழுந்த 19ஆம் நூற்றாண்டுப் படத்தில், மஞ்சள் முகத்தையும் குங்குமத்தையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை. எந்த மனிதரும் எந்த நிறத்தையும் விரும்பிக் கேட்டதற்கான தடயமும் அதில் இல்லை. அதைவிடப் பெரிய கேடு, தன் தடயத்தை அது மறைத்துவிடுவது. தூரிகைக் கோடு கண்ணில் படும். மென்பொருளின் நிறம் படத்தோடு கலந்து, எடுத்தபோதே இருந்ததுபோல் நிற்கும். வீட்டில் மகிழ்ச்சிக்காகச் செய்வதை யாரும் தடுக்கத் தேவையில்லை. ஆனால் நூலிலும் கண்காட்சியிலும் ஊர் வரலாற்று மலரிலும் அச்சிடும்போது, கணினி நிறம் என்று படத்தின் கீழேயே எழுத வேண்டும். மூலப்படத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டியவை தாமே தெரியும். டெல்டா வீடுகளில் இன்னும் மாட்டியிருக்கும் வண்ணப் படங்கள் இந்த வட்டாரத்தின் சிதறிக் கிடக்கும் ஆவணக் காப்பகம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர்களால் எல்லா வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. நம் ஊரின் ஈரமும் கரையானும் காத்திருக்காது. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் மன்னார்குடி வட்டாரத்துக் கூரைகளைப் பிய்த்தெறிந்ததை இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. எனவே கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். வண்ணப் படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்; நீர்வண்ணம் துணியோடு வந்துவிடும். லாமினேஷன் செய்யாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே படியெடுங்கள். முன்புறத்தோடு பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும். சட்டத்தின் விளிம்புக்கு அடியில் ஒளிபடாத ஓரத்தைக் கவனியுங்கள். வெளுத்துப்போன சாயத்தின் பழைய அடர்த்தி அங்கே மிஞ்சியிருக்கும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், சேலை உண்மையில் என்ன நிறம், நகை சொந்தமா இரவலா வரைந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கருவி பதிந்ததையும் கை தீட்டியதையும் பின்னொரு நாள் வந்தும் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கையிடம் என்ன கேட்டு வாங்கினார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. அவர்களிடம் இந்த ஆண்டே கேளுங்கள்.